789: ஒரு கணக்குத் தலைப்புக்காக நடந்த சண்டை

பட்ஜெட் வாசிக்கும் நாளில் தொலைக்காட்சியின் அடியில் “ஆதிதிராவிடர் நலனுக்கு இத்தனை ஆயிரம் கோடி” என்று ஒரு வரி ஓடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து வருடா வருடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “இவ்ளோ கோடி வருதுன்னா எங்க ஹாஸ்டல் பாத்ரூமுக்கு ஏன்ணா கதவு இல்ல?”

சாதி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், மறுநாள் காலை எந்த அலுவலகத்துக்குப் போய் எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியாமல் நிற்போம். சாதி ஆகாயத்தில் மிதந்துகொண்டு வேலை செய்வதில்லை. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில், கருவூலத்தின் கணக்குத் தலைப்பில், மார்ச் 31 என்கிற தேதியில் அது உட்கார்ந்து வேலை பார்க்கிறது. ‘நிர்வாகம்’ என்று சொன்னாலே நம் தோழர்களில் பலருக்குக் கொட்டாவி வருகிறது. ஐ.ஏ.எஸ். கோச்சிங் சென்டர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் தாத்தாக்கள் அப்படி ஒதுக்கவில்லை.

பஞ்சமி நிலத்திலிருந்து தொடங்குவோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மேடைகளில் இதை ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் இரக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இரக்கம் பிடித்த அதிகாரிகள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். இவர் செய்தது வேறு வேலை. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போடும் பறையருக்கு நிலம் ஏன் கிடைப்பதில்லை என்று விதிகளைப் புரட்டிப் பார்த்தார். விடை விதியிலேயே இருந்தது. ஊரில் மிராசுதார் இருந்தால் தரிசு மீது முதல் உரிமை அவருக்கு. சேரிக்காரர் மனு போட்டவுடன் மிராசுதார் எழுந்து “அதை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்பார், முடிந்தது கதை. அதையும் மீறி ஒருவர் மனு போட்டால், அவர் குடிசை நிற்கும் மனையே மிராசுதாரின் பிடியில் இருந்தது. “காலி பண்ணு” என்ற ஒரு சொல் போதும். ஆகவே நிலத்தையும் வீட்டு மனையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், மனை இல்லாதவன் கையில் நிலம் தங்காது என்பது அந்த அறிக்கையின் உள்ளே ஓடும் வாதம். இன்றைக்கும் பட்டா கேட்டுப் போராடும் ஊர்களில் இதே முடிச்சுதான் இருக்கிறது.

வருவாய் வாரியம் இந்த அறிக்கையை ரசிக்கவில்லை. ஆனாலும் விஷயம் 1892 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. 1892 செப்டம்பர் 30இல் 1010 எண்ணிட்ட அரசாணை வந்தது. நிலம் ஒதுக்கப்பட்டது. கொடுத்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகளும் பின்னால் உறுதியாயின. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நாம் மேடையில் முழங்குவது இந்த நிலத்தைத்தான்.

அப்புறம் எங்கே போனது? ஆணை கோட்டையில் கையெழுத்தானது. பதிவேடு ஊரில் இருந்தது. எந்தச் சர்வே எண்ணில் யார் பயிர் வைக்கிறார்கள் என்று அடங்கலில் எழுதியவர் கர்ணம். வரி வசூலித்தவர் முன்சீப். இரண்டும் பரம்பரைப் பதவிகள். சேரிக்காரருக்குக் கொடுத்த நிலத்தில் ஊர்த்தெருக்காரர் ஏர் பூட்டினால், ‘அனுபோகம்’ யார் பெயரில் எழுதப்படும் என்று நாம் யூகிக்க வேண்டியதில்லை. பத்துப் பசலி அப்படி எழுதினால் போதும், அந்த எழுத்தே ஒரு சாட்சியாகிவிடும். நிபந்தனை மீறப்பட்டால் அதை மேலே தெரிவிக்க வேண்டியவரும் அதே கர்ணம்தான். அதாவது, திருட்டைப் பிடிக்கும் வேலையும் திருடனின் மாமனிடம் இருந்தது.

இந்தப் பரம்பரைப் பதவிகள் எப்போது ஒழிந்தன தெரியுமா? 1980 நவம்பரில். எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு ஒழித்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள், தோற்றார்கள். ஆணைக்கும் அதற்கும் நடுவில் 88 ஆண்டுகள். பதவி ஒழிந்த அதே காலத்தில், யு.டி.ஆர். என்று தாலுகா ஆபீசில் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979இல் தொடங்கி 1987 வரை நடந்தது. பஞ்சமி நில வழக்கு நடத்துகிற தோழர்களிடம் கேளுங்கள். பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. என்று இருக்கும் சர்வே எண், யு.டி.ஆருக்குப் பிந்தைய பதிவேட்டில் வேறு ஒருவர் பெயரில் சாதாரணப் பட்டாவாக நிற்பதை எடுத்துக் காட்டுவார்கள். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தது இந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான். ஒரு பதிவேட்டு வரிக்கு நாம் கொடுத்த விலை அது.

ஆணை வெளிவந்து ஓராண்டு கழிந்தபோது, தாத்தா இரட்டைமலை சீனிவாசன் செய்த ஒரு காரியத்தை இங்கே நினைக்க வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் பிரிட்டிஷ் மக்களவையில் அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் நிறைவேறியது. சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையொப்பத்தோடு 112 அடி நீள மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இந்தியாவில் தேர்வு நடந்தால் உயர் பதவிகள் எல்லாம் சாதி இந்துக்கள் கைக்குப் போகும், அவர்களிடம் எங்களுக்கு நீதி கிடைக்காது என்பது வாதம்.

இதற்காக அவரை வெள்ளையனுக்கு வால் பிடித்தவர் என்று இன்றும் எழுதுகிறார்கள். எழுதட்டும். நமக்கும் அந்த மனுவோடு ஒரு முரண்பாடு உண்டு. யார் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று அது சொன்னதே தவிர, நாம் உட்கார வேண்டும் என்று கேட்கும் நிலையில் அது இல்லை. அந்தக் கோரிக்கைக்கு அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டியிருந்தது. 1943இல்தான் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு என்ற ஒதுக்கீடு வந்தது. ஆனாலும் அந்த 112 அடிக் காகிதத்தில் கைநாட்டு வைத்தவர்களுக்கு அரசாங்கம் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. மேலே கொடி மாறுவதைவிட, கீழே மேசைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதே தங்கள் வயிற்றைத் தீர்மானிக்கும் என்று கண்டிருந்தார்கள்.

1920இல் ஒரு சிறிய மாற்றம் நடந்தது. சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவானது. பெயர் தொழிலாளர் என்றாலும், ஆதிதிராவிடர்களுக்கு வீட்டு மனை, கிணறு, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் இந்தத் துறையின் பொறுப்பு. தனக்கென்று அதிகாரிகள், தனக்கென்று பணம் இருந்ததால் இது ஓரளவு வேலை செய்தது. வேலை செய்தது என்பதற்குச் சாட்சி, அதன் மேல் வந்த கோபம். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் துறை ஆதிதிராவிடர் பக்கம் சாய்கிறது என்று குற்றம் சாட்டியவர்களில் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களே இருந்தார்கள். எம்.சி. ராஜா அதோடு முரண்பட்டு விலகியதன் பின்னணி உங்களுக்குத் தெரியும். இந்தத் துறைதான் பிறகு ஹரிஜன நலத்துறை ஆகி, இன்று ஆதிதிராவிடர் நலத்துறை.

தனித்துறை இருப்பதில் ஒரு பொறியும் இருந்தது. அது விடுதலைக்குப் பிறகு தெரிந்தது. சேரிக்கு எது கேட்டாலும் “நலத்துறைக்குப் போ” என்று மற்ற எல்லாத் துறைகளும் கைகழுவின. ஐந்தாண்டுத் திட்டங்களில் பாசனம், மின்சாரம், தொழில், சாலை என்று பெரும்பணம் ஓடியது. அந்தத் துறைகள் “எங்கள் திட்டம் எல்லோருக்கும் பொது” என்றன. பொது என்றால் ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு மின்கம்பம் நின்றுவிடும் என்று அர்த்தம். நலத்துறைக்கு வந்தது விடுதிச் சாப்பாட்டுக்கும் உதவித்தொகைக்குமான சில்லறை. அண்ணல் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ ஆவணத்தில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள், அவற்றுக்கு ஓர் ஆணையம், அதற்கு மத்திய அரசு ஆண்டுதோறும் ஐந்து கோடி ரூபாய் என்று கேட்டிருந்தார். தொகையைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அது ஏற்கப்படவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து அந்த யோசனைக்குப் பக்கத்தில் வந்தவர் பி.எஸ். கிருஷ்ணன். 1932இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், 1956ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணி, ஆந்திரப் பிரிவு. நம் சாதிக்காரர் இல்லை. “அப்புறம் ஏன்ணா அவரைத் தூக்கிப் பிடிக்கிறீங்க” என்று கேட்கும் தம்பிகளுக்கு, அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் மேலதிகாரி எழுதிய குற்றச்சாட்டுகளைச் சொல்கிறோம். கிருஷ்ணனே பிற்காலத்தில் பலமுறை சொன்னவை இவை: பட்டியல் சாதியார் மீது அளவு மீறிய பாரபட்சம், சாதி மறுப்புத் திருமணத்துக்கு வக்காலத்து, சமஸ்கிருத அறிவை வைத்துக்கொண்டு மதத்தைச் சாடுவது. அதோடு, கிராம அதிகாரிகளின் சொல்லை நம்பாமல் கிராமத்து மக்களின் சொல்லை நம்புவது. கடைசிக் குற்றம்தான் நமக்கு முக்கியம். அவர் முகாம் போட்டால் பயணியர் மாளிகையில் தங்கமாட்டார், சேரியில் கூடாரம் அடிப்பார். நில விவரத்தைக் கர்ணத்தின் ஏட்டிலிருந்து மட்டும் எடுக்காமல், உழுகிறவரிடம் கேட்டு எடுப்பார். செங்கல்பட்டில் 1892க்குப் பிறகு எவரும் செய்திருக்க வேண்டிய வேலை.

1978 வாக்கில் உள்துறை அமைச்சகத்தில் இணைச் செயலாளராகப் பட்டியல் சாதியினர் பொறுப்பு அவரிடம் வந்தது. பழங்குடிகளுக்கு ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்திலேயே துணைத்திட்டம் வந்துவிட்டிருந்தது. அவர்கள் ஒரு பகுதியில் சேர்ந்து வாழ்வதால், வரைபடத்தில் கோடு போட்டு “இந்தப் பகுதிக்கு இவ்வளவு” என்று எழுத முடியும். நாம் எல்லா ஊரிலும் ஓரத்தில் இருக்கிறோம், கோடு போட முடியாது. கிருஷ்ணன் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு துறையும் தன் திட்டப் பணத்தில் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதியினருக்கென்று முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். இதுதான் சிறப்புக் கூறுத் திட்டம். ஆறாவது ஐந்தாண்டுத் திட்டத்தோடு நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. 1980 மார்ச் 12இல் பிரதமர் இந்திரா காந்தி எல்லா முதல்வர்களுக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதினார். எடுத்து வைத்ததை வேறு பக்கம் திருப்பக்கூடாது, ஆண்டு முடிந்ததும் காலாவதி ஆகவும் விடக்கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் வழிகாட்டு நெறிகளில் ஏறின.

பிரதமரே எழுதிவிட்டார், அப்புறமென்ன? துறைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தன. பட்ஜெட்டை வழக்கம்போலப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் கால்குலேட்டரை எடுப்பது. நூறு கோடிக்கு ஒரு மேம்பாலம் கட்டுகிறோம், பாலத்தில் எல்லோரும் போவார்கள், மக்களில் இருபது விழுக்காடு பட்டியல் சாதி, ஆகவே இருபது கோடி சிறப்புக் கூறுத் திட்டத்தில் செலவு. கதை முடிந்தது. கருத்தியல் ஒதுக்கீடு என்று இதற்கு அரசுப் பெயர். நாங்கள் இதைப் பாலத்துப் பங்கு என்கிறோம். சேரிக்கு ஒரு செங்கல் வராமலேயே காகிதத்தில் விகிதம் சரியாக நிற்கும். ஒருவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை, கவனியுங்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி.

இதை உடைக்கத்தான் 789 வந்தது. அரசுக் கணக்கில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு விலாசம் உண்டு. முதலில் நான்கு இலக்கத்தில் மேஜர் ஹெட், என்ன துறை என்று சொல்லும்: 2202 என்றால் பொதுக் கல்வி, 2225 என்றால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலம். அதற்குக் கீழே மூன்று இலக்கத்தில் மைனர் ஹெட். எந்தத் துறையானாலும் பட்டியல் சாதித் துணைத்திட்டப் பணத்தை 789 என்ற மைனர் ஹெட்டில்தான் எழுத வேண்டும் என்று ஆக்கினார்கள். பழங்குடியினருக்கு 796. இப்போது கல்வித் துறை ஆனாலும் நெடுஞ்சாலைத் துறை ஆனாலும் புத்தகத்தைத் திறந்து 789 என்று தேடினால், வரி இருக்கிறதா இல்லையா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். மேம்பாலத்தின் ஐந்தில் ஒரு பங்கை 789இல் எழுத வேண்டுமென்றால், யாரோ ஓர் அதிகாரி கூச்சத்தை விட்டுவிட்டுத் தன் கையால் எழுத வேண்டும்.

கூச்சத்தை விட்டு எழுதவும் செய்தார்கள், அது வேறு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி நினைவிருக்கும். டெல்லி அரசு பட்டியல் சாதித் துணைத்திட்டத்திலிருந்து 744 கோடி ரூபாயை அந்த விளையாட்டுத் திருவிழாவுக்குத் திருப்பியது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 678 கோடி அளவுக்குத் திருப்பப்பட்டது என்று மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். பணம் தனியாகப் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் எடுத்தது தெரிந்தது. 1985இல் இதே திருட்டு நடந்திருந்தால் பொதுப்பணத்தோடு கலந்து போயிருக்கும், கேட்க நமக்கு ஒரு வரிகூட இருந்திருக்காது. அதே ஆண்டு நரேந்திர ஜாதவ் தலைமையிலான பணிக்குழு பரிந்துரை கொடுத்தது. 2011-12 முதல் மத்திய பட்ஜெட்டில் எந்த அமைச்சகம் எவ்வளவு என்று தனி அறிக்கையாக அச்சிடத் தொடங்கினார்கள்.

வழிகாட்டு நெறி போதாது, சட்டம் வேண்டும் என்று ஆந்திரத் தலித் இயக்கங்கள் தெருவில் நின்றன. 2013 தொடக்கத்தில் ஆந்திரத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு கர்நாடகமும் சட்டம் போட்டது. கர்நாடகச் சட்டத்தில் 7டி என்று ஒரு சிறு பிரிவு இருந்தது. பிரிக்க முடியாத பொதுப்பணிகளின் செலவில் ஒரு பங்கைத் துணைத்திட்டச் செலவாகக் ‘கருதிக்கொள்ளலாம்’ என்றது. பாலத்துப் பங்கு சட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது! பத்து ஆண்டுகள் சண்டை போட்டு 2023இல்தான் அதை எடுக்க வைத்தார்கள். எடுத்த அதே ஆண்டு, ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கென்று துணைத்திட்டத்திலிருந்து சுமார் 11,000 கோடி காட்டப்பட்டது. பயனாளிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது அரசின் விளக்கம். இருக்கிறார்கள்தான். குடிமகன் என்ற முறையில் வரவேண்டியதை, துணைத்திட்டப் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தால், கூடுதலாக வந்தது என்ன? மத்தியில் 2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். துணைத்திட்டம் என்ற பெயரும் போய், ‘பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீடு’ ஆனது. எதில் விகிதம் என்ற கேள்விக்கு அடித்தளமே நகர்ந்துபோனது.

தமிழ்நாடு? மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பெரிய மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கும் விகிதம். சமூக நீதியின் தலைநகரம் என்ற பட்டமும் உண்டு. ஆந்திரம் சட்டம் போட்டு பதினொரு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில்தான் நம் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. தாமதம் என்று திட்டிவிட்டுச் சும்மா இருக்க நாங்கள் தயாரில்லை. சட்டம் கையில் இருக்கிறது. அதை ட்ரெமென்ஹீர் விதிகளைப் படித்ததுபோல் படிக்க வேண்டிய வேலை நம்முடையது. எடுத்துவைத்த பணம் ஏப்ரலில் வருகிறதா ஜனவரியில் வருகிறதா? ஜனவரியில் நிர்வாக அனுமதி கொடுத்தால் டெண்டர் முடிவதற்குள் மார்ச் 31 வந்துவிடும், பணம் ஒப்படைப்பு ஆகிவிடும். யாரும் மறுக்கவில்லை, யாரும் திருடவில்லை, கதவு மட்டும் வராது.

பாத்ரூம் கதவு பற்றிக் கேட்ட தம்பிக்கு இந்த முறை நாங்கள் பேச்சு எதுவும் பேசவில்லை. மானியக் கோரிக்கைப் புத்தகத்தை இறக்கி மேசையில் வைத்தோம். முதலில் எரிச்சல்பட்டான். அரைமணி நேரம் கழித்து 2225ஐக் கண்டுபிடித்தான், விடுதிகள் வரியைக் கண்டுபிடித்தான், முந்தைய ஆண்டின் கணக்கையும் இந்த ஆண்டின் திட்ட மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினான். பிறகு அவனும் இரண்டு மாணவிகளும் சேர்ந்து ஒரு தகவல் உரிமை மனு எழுதினார்கள். அவர்கள் விடுதியின் பராமரிப்புக்கு எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு, எந்தத் தேதியில் அனுமதி, எந்தத் தேதியில் பணம் வந்தது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, அந்தக் கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரிகளின் பதவிப் பெயர் என்ன. ஐந்தே கேள்வி. பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

மனு போய்ப் பத்தொன்பது நாளாகிறது. பதில் சொல்ல அலுவலகத்துக்கு முப்பது நாள் கெடு.